செயின், கியர், அப்புறம் ஒரு 140 வருஷப் பஞ்சாயத்து

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியிருந்தேன். 'டடக்' என்று செயின் ஒரு பல் தாவியது. மிதித்த கால் வெறும் காற்றில் இறங்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் அடித்த ஹாரன் இன்னும் காதிலேயே இருக்கிறது. நல்லவேளை, விழவில்லை.

அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்த 18 கியர் சைக்கிள். முன்னால் 3 பல் சக்கரம், பின்னால் 6. மூவாறு பதினெட்டு. பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், இந்தக் கணக்காவது தெரியாமல் இருக்குமா :-)

அன்று சாயந்தரம் தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா கியரு? எல்லாத்தையும் கழட்டிட்டு சிங்கிள் ஃப்ரீவீல் மாட்டித் தர்றேன். அறுநூறு ரூபா. ஆயுசுக்கும் தொல்லை இல்ல" என்றார். வீட்டில் வந்து சொன்னால் அப்பாவும் அவர் கட்சி. "அவர் சொல்றதுதான் சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா கழட்டிட வேண்டியதுதான்" என்று தேதியே குறித்துவிட்டார்.

எனக்குக் கோபம். கோபம் வந்தால் சிலர் சாப்பிடுவார்கள், சிலர் தூங்குவார்கள். நான் உட்கார்ந்து படிப்பேன். செயின் ஏன் தாவுகிறது என்று தேட ஆரம்பித்தவள், ராத்திரி ஒரு மணிக்கு 1880ஆம் வருஷ மான்செஸ்டரில் போய் நின்றேன். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், ஒரு கையில் வரலாறு. இந்தக் கட்டுரை அந்த வாரத்தின் கதைதான். கியர் சைக்கிள் வைத்திருக்கிற யாருக்காவது உதவினால் சந்தோஷம். வைத்திராதவர்கள் வரலாறாகப் படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ஒரு விஷயம். சைக்கிளில் செயினே இல்லாத ஒரு காலம் இருந்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள், முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தாம்பாளம் அளவு. பென்னி ஃபார்திங் என்று பெயர். பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. வேகமாகப் போகவேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. அதைத் தவிர வேறு வழி இல்லை. சக்கரம் எவ்வளவு பெரிதாகலாம்? ஓட்டுகிறவரின் கால் எட்டுகிற அளவு. 60 அங்குலத்தைத் தாண்டினால் நெட்டையான ஆளுக்கே கஷ்டம். செயின் தொல்லை கிடையாது, கியர் தொல்லை கிடையாது. ஒரு கல் தடுக்கினால் தலைகுப்புற விழுவது மட்டும்தான் தொல்லை!

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் கொண்டுவந்த ரோவர் சைக்கிள் இதை மாற்றியது. இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நடுவில் பெடல், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். (செயின் வைத்த சைக்கிளை அதற்கு முன்பே 1879இல் ஹாரி லாசன் என்பவர் செய்து பார்த்தார், எடுபடவில்லை.) முன்பல் பெரிது, பின்பல் சிறிது என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்றுகூடச் சுற்றும். என் சைக்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் பெரிய பல் சக்கரத்தில் 42 பல், பின்னால் சின்னதில் 14. வகுத்தால் 3. சக்கரம் 26 அங்குலம். பெருக்கினால் 78. அதாவது அந்தக் கியரில் நான் ஓட்டுவது 78 அங்குலச் சக்கரம் வைத்த பென்னி ஃபார்திங்குக்குச் சமம். ஆறரை அடி! எங்கள் அப்பாவே அவ்வளவு உயரம் இல்லை. இன்றைக்கும் சைக்கிள்காரர்கள் கியரை 'இத்தனை அங்குலம்' என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த உயரச் சக்கரம் செத்து 130 வருஷம் ஆகியும் அளவு மட்டும் உயிரோடு இருக்கிறது.

சரி, சக்கரம் சிறிதாகி, தலை தப்பியது. பதிலுக்குச் செயின் வந்தது, செயினோடு அதன் வியாதிகளும் வந்தன.

இப்போது நாம் பார்க்கிற செயின் ஹான்ஸ் ரெனால்ட் என்பவருடையது. சுவிட்சர்லாந்துக்காரர். பிழைக்க மான்செஸ்டர் வந்தவர். 1879இல் பக்கத்து ஊரான சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரின் சின்னச் செயின் பட்டறையை விலைக்கு வாங்கினார். நெசவாலைகளுக்குச் செயின் செய்துகொண்டிருந்த இடம். அடுத்த வருஷமே, 1880இல், 'புஷ் ரோலர் செயின்' என்று புதிதாக ஒன்றைச் செய்தார்.

அதில் என்ன புதுசு? அதற்கு முன்பிருந்த செயின்களில் ஒரு கண்ணியையும் அடுத்ததையும் இணைக்கிற ஆணி, மெல்லிய தகட்டின் ஓட்டை விளிம்பில் நேராக உரசும். பாரம் முழுக்க அந்த விளிம்பில். சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெனால்ட் ஆணியின் மேல் ஒரு குழாயைப் போட்டார், அதுதான் புஷ். பாரம் குழாயின் முழு நீளத்துக்கும் பரவியது. அந்தக் குழாயின் மேல் சுழல்கிற இன்னொரு வளையம் போட்டார், அதுதான் ரோலர். பல்லில் செயின் உட்காரும்போது உரசாமல் உருளும். அவ்வளவுதான். இன்றைக்கு வயலில் கதிரடிக்கிற இயந்திரத்திலிருந்து புல்லட் பைக் வரைக்கும் இந்த அமைப்புதான்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், செயின் 'நீண்டுபோச்சு' என்று நாம் சொல்வது எங்கே நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இரும்புத் தகடு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. ஆணியும் அது உரசுகிற உட்புறமும் துளித்துளியாகத் தேய்கின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மயிரிழை. அப்படி நூறு இணைப்புக்கு மேல். கூட்டினால் செயின் நீளம் கூடிவிடுகிறது. கணக்குப் பாடத்தில் வருஷா வருஷம் கழிக்கிறோமே 'தேய்மானம்', அந்த வார்த்தைக்கு நிஜமான அர்த்தத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் போதும். உலகத்தில் எந்த ஊர் சைக்கிள் செயினாக இருந்தாலும் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம். மீட்டரைக் கண்டுபிடித்த பிரான்சிலும் அரை அங்குலம், ஜப்பானிலும் அரை அங்குலம். (1970களின் கடைசியில் ஷிமானோ கம்பெனி 10 மில்லிமீட்டர் செயின் ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தது. ஓடவில்லை.) ஆகவே ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ஆணியின் நடுவில் வைத்தால், அங்கிருந்து 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி இருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம். 1/8 அங்குலம் தள்ளி இருந்தால் செயின் மட்டுமல்ல, பின்னால் உள்ள பல் சக்கரங்களையும் அது தின்றுவிட்டது என்று அர்த்தம்.

நான் இதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஓடினேன். என் செயின் 1/8ஐயும் தாண்டி இருந்தது. 'ஆஹா, கண்டுபிடிச்சாச்சு' என்று புதன்கிழமையே 280 ரூபாய் கொடுத்து புதுச் செயின் வாங்கி வந்தேன். இரண்டு எச்சரிக்கை. சாதா சைக்கிள் செயினின் உள் அகலம் 1/8 அங்குலம், கியர் சைக்கிளுக்கு 3/32. கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்த்து வெட்டாதீர்கள். பழசுதான் நீண்டு கிடக்கிறதே! கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும்.

மாட்டினேன். தெருவில் ஒரு சுற்றுப் போனேன். முன்பு எப்போதாவது தாவிய செயின் இப்போது மிதிக்கு மிதி தாவியது!!

அழுகை வராத குறை. அப்புறம்தான் மீதிப் பாதியைப் படித்தேன். செயின் தேயத் தேய, அதன் நீண்ட இடைவெளிக்கு ஏற்றபடி பல்லும் தேய்ந்து இடம் கொடுக்கிறது. இரண்டும் தப்பு, ஆனால் இரண்டும் ஒரே அளவு தப்பு, அதனால் ஓரளவு ஓடுகிறது. புதுச் செயின் சரியான அரை அங்குலத்தோடு வரும்போது பழைய பல்லில் உட்கார இடமில்லாமல் மேலேறித் தாவுகிறது. பதினொன்றாம் வகுப்புக் கணக்கியலில் 'ஈடுசெய் பிழைகள்' என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைக்கும், இருப்பாய்வு அழகாகச் சரியாக வரும். ஒன்றைத் திருத்தினால்தான் மற்றது பல்லைக் காட்டும். இங்கே நிஜமாகவே பல்லைக் காட்டியது. அண்ணன் எப்போதும் ஓட்டிய கடைசி இரண்டு சின்னச் சக்கரங்களின் பற்கள் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

ஆக ஃப்ரீவீலும் போச்சு. 420 ரூபாய். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும் என்பதால் தலையைக் குனிந்துகொண்டு அதே கடைக்குத்தான் போனேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார். அப்பாதான் கணக்குப் போட்டார். "அறுநூறுல முடியவேண்டியதை எழுநூறு ஆக்கிட்டே. இதுக்கா காமர்ஸ் படிக்க வெச்சேன்?"

இடைச்செருகலாக நம்ம ஊர் விஷயம் ஒன்று. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போனதும் செயின்தான். அவர்களே சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா. அந்தச் செயினைக் கொடுத்தது அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து டயமண்ட் செயின் கம்பெனி. 1960இல் அந்தக் கம்பெனியின் கூட்டோடுதான் சென்னையில் டி.ஐ. டயமண்ட் செயின் தொடங்கியது. மேம்பாலத்தில் பாதியில் நிற்கிற எனக்கு ரைட் சகோதரர்கள் தூரத்துச் சொந்தம் என்று அப்பாவிடம் சொன்னேன். ரசிக்கவில்லை.

செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது? தூசி. எண்ணெயில் தூசி கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சன்பீம் என்ற சைக்கிளில் செயினை முழுசாக ஒரு தகரப் பெட்டிக்குள் மூடி, உள்ளே எண்ணெயும் விட்டிருப்பார்கள். தாத்தாக்கள் காலத்து சைக்கிளில் முழு செயின் கவர் இருந்ததே, வேட்டி மாட்டாமல் இருக்க மட்டும் என்று நினைத்திருந்தேன். செயினுக்கும் அதுதான் வீடு. கியர் சைக்கிளில் செயின் பக்கவாட்டில் நகர வேண்டும், அதனால் கவர் போட முடியாது. கியர் வந்தபோது செயின் தெருவுக்கு வந்துவிட்டது. ஆகவே நாம்தான் துடைக்க வேண்டும். பழைய பனியன் துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு எண்ணெய். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே இருக்கிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளே, ஆணியில். வெளியே இருப்பது தூசிக்கு அழைப்பிதழ். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசின் ஆகிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். யார் விட்டது என்று சொல்லமாட்டேன், அம்மா கோபித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை ராத்திரி செயின் தாவுவது நின்றது. ஆனால் கியர் மாறவில்லை. மூன்றில் போட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கரகரவென்று நின்றது. மறுபடி புத்தகம், மறுபடி வரலாறு.

கியர் விஷயத்தில் இங்கிலாந்து ஒரு வழி போனது, பிரான்ஸ் ஒரு வழி போனது.

இங்கிலாந்து வழி சுத்தமானது. செயினைத் தொடாதே, கியரைப் பின்சக்கர ஹப்புக்குள் ஒளித்து வை. 1902இல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அப்படிப்பட்டது. நாட்டிங்ஹாமில் ராலே சைக்கிள் கம்பெனியின் முதலாளி ஃபிராங்க் பௌடன் தயாரித்தார். இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஹப்பின் பெயரில் ஹென்றி ஸ்டர்மி இருக்கிறார், ஜேம்ஸ் ஆர்ச்சர் இருக்கிறார். முதலில் தயாரிப்புக்கு வந்த ஹப்பை உண்மையில் வடிவமைத்த வில்லியம் ரெய்லி இல்லை! ரெய்லி அதற்கு முன்பே ஒரு இரண்டு கியர் ஹப் செய்து, அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். அதனால் மூன்று கியர் ஹப்பின் காப்புரிமையை உடன் வேலை பார்த்த ஆர்ச்சரின் பெயரில் பதிந்தார்கள். பெயர் ஆர்ச்சருக்கே போய்விட்டது. பிசினஸ் லா வகுப்பில் ஒப்பந்தச் சட்டம் நடத்தும்போது தூங்குகிற என் நண்பர்கள் ரெய்லியை நினைத்துக்கொள்ளவும்.

அந்த ஹப் தொல்லை குறைவு. 1936இல் வந்த அதன் ஏ.டபிள்யூ. மாடல், 2000த்தில் நாட்டிங்ஹாம் கம்பெனி கைமாறி தைவானின் சன்ரேஸிடம் போன பிறகும் தயாரிப்பில் தொடர்ந்தது. ஒரே வியாதி, கேபிள் தளர்ந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் பிடிப்பே இல்லாமல் சுற்றும். ஆனால் கனம், மூன்றே கியர், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி அதிகம். மலைக்குப் போதாது.

பிரான்சில் மலை இருந்தது. சேந்த் எத்தியேன் என்ற ஊரில் பால் தெ விவி என்ற மனிதர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் தானே நடத்திய பத்திரிகையில் எழுதினார். ஒரே கியரில் மலை ஏறுவது மடத்தனம், பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள்தான் செயினையே ஒரு பல் சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடுகிற அமைப்புகளைச் செய்து பார்த்தார்கள். அதற்குப் பெயர் டெரெய்லர். ரயில் தடம் புரள்வதற்கு அந்த மொழியில் உள்ள வார்த்தையிலிருந்து வந்தது. நினைத்துப் பாருங்கள், ரெனால்ட் செயின் தடம் புரளாமல் நேராக ஓடப் படாதபாடு பட்டார். இவர்கள் வேண்டுமென்றே தடம் புரட்டினார்கள். கியர் சைக்கிளின் எல்லாத் தொல்லையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

1902இல் பிரெஞ்சு டூரிங் கிளப் டூர்மலே மலையில் ஒரு சோதனை ஓட்டம் வைத்தது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் சைக்கிளில், இறங்கித் தள்ளாமல் மலை முழுக்க ஏறினார். இதைப் பார்த்து ஆன்ரி தெக்ராஞ்சுக்கு எரிச்சல். அடுத்த வருஷம் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கப்போகிறவர் அவர்தான். கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான், தசை பலத்தில் ஜெயிப்பதுதான் ஜெயிப்பு என்கிற ரீதியில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. தன் பந்தயத்தில் டெரெய்லரை விடவே இல்லை. உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு (ஒவ்வொரு பக்கமும் ஒரு அளவு பல்), பிறகு ஏறினார்கள். 1936இல் அவர் உடம்பு முடியாமல் பொறுப்பை விட்ட பிறகு, 1937இல்தான் டெரெய்லர் அனுமதிக்கப்பட்டது. அந்த வருஷம் ஜெயித்த ரோஜெ லப்பெபியின் சைக்கிளில் டெரெய்லர் இருந்தது.

இதைப் படித்ததும் எனக்குத் தெருமுனை அண்ணன் முகம்தான் நினைவுக்கு வந்தது. கியர் எதுக்கும்மா!

அனுமதி கிடைத்தும் சுகமில்லை. இத்தாலியின் கம்பன்யோலோ கம்பெனி 1940களில் செய்த ஒரு கியரில், ஓடுகிற சைக்கிளிலேயே கையைப் பின்னால் விட்டு, சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, பெடலைப் பின்பக்கம் மிதித்தபடி செயினை நகர்த்தி, மறுபடி சக்கரத்தை இறுக்க வேண்டும். ஜீனோ பார்த்தாலி 1948இல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது அந்த மாதிரி ஒன்றை வைத்துத்தான். எனக்கு மேம்பாலத்தில் ஒரு கையை விட்டு வியர்வை துடைக்கவே பயம். பிறகு அதே கம்பெனி 1950ஐ ஒட்டி கிரான் ஸ்போர்ட் என்ற டெரெய்லரைக் கொண்டுவந்தது. நான்கு பக்கமும் கீல் வைத்த ஒரு சின்ன இணைகரம், கேபிளை இழுத்தால் பக்கவாட்டில் சாயும், செயினைத் தள்ளும். இன்று என் சைக்கிளில் இருப்பதும் அடிப்படையில் அதுதான்.

அதில் ஒரு குறை. பல் சக்கரங்கள் ஏணி மாதிரி சின்னதிலிருந்து பெரிது. டெரெய்லரோ படுக்கையாக நகர்கிறது. எனவே சில பல்லுக்கு அருகில், சில பல்லுக்குத் தூரத்தில். ஜப்பானில் சன்டூர் கம்பெனியின் ஓசாகி நோபுவோ 1964இல் அந்த இணைகரத்தைச் சரிவாகச் சாய்த்து வைத்தார். டெரெய்லர் பல் சக்கரங்களின் சரிவோடு சேர்ந்தே இறங்கியது. எவ்வளவு சின்ன யோசனை! ஆனால் காப்புரிமை சன்டூரிடம். இருபது வருஷம் மற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். 1980களின் நடுவில் அது காலாவதியாகிற சமயத்துக்குச் சரியாக, 1984இல், ஷிமானோ ஒன்றைக் கொண்டுவந்தது. சரிவு டெரெய்லர், அதோடு லீவரில் 'கிளிக்'. ஒரு கிளிக், ஒரு கியர். ஷிமானோவின் வெற்றி அந்தக் கிளிக்கில்தான் என்று அடித்துச் சொல்வேன். டெரெய்லர், லீவர், கேபிள், பல் சக்கரம், செயின் என்று எல்லாமே ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று ஆக்கிவிட்டால், ஒன்றை வாங்குகிறவன் மற்றதையும் உன்னிடமே வாங்க வேண்டும். சன்டூரின் பதில் தாமதமாக, பாதி வெந்ததாக வந்தது. 1980களின் முடிவுக்குள் அந்தக் கம்பெனி கைமாறிவிட்டது. யோசனை கண்டுபிடித்தவர் தோற்று, முழு அமைப்பாக விற்றவர் ஜெயித்தார். எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இது ஏன் இல்லை என்று தெரியவில்லை.

என் 'கரகர'வுக்கான விடையும் இங்கேதான் கிடைத்தது. கிளிக் வருவதற்கு முன்பு லீவரை எங்கே நிறுத்துவது என்று ஓட்டுபவர் காதால் கேட்டு முடிவு செய்தார். சத்தம் வந்தால் கொஞ்சம் நகர்த்துவார். கேபிள் தளர்ந்தாலும் கை ஈடுகட்டும். கிளிக் வந்த பிறகு அந்த வேலை கேபிளுக்குப் போய்விட்டது. லீவர் எப்போதும் ஒரே அளவுதான் இழுக்கும். கேபிள் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் செயின் பல்லுக்கு நேராக நிற்காது. அதற்காகத்தான் டெரெய்லரில் கேபிள் நுழைகிற இடத்தில் விரலால் திருகுகிற ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதைப் பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாக அரைச் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக. அரை அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் பெடலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டால் சுலபம். ஏறுவது நன்றாக இருந்து இறங்குவது மட்டும் எப்போதும் மந்தமாக இருந்தால் கேபிள் உறைக்குள் துரு. மாற்றிவிடுங்கள், விலை குறைவு.

பக்கத்தில் எச், எல் என்று இரண்டு சின்னத் திருகு இருக்கும். அதைத் தொட்டு விளையாடாதீர்கள். அவை கியரைச் சரிசெய்ய அல்ல, எல்லைக் கல். எச் தளர்ந்தால் செயின் சின்னப் பல்லைத் தாண்டி ஃப்ரேமுக்கும் பல்லுக்கும் நடுவில் விழும். எல் தளர்ந்தால் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்கில் விழும். ஓடும்போது அது நடந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று சரியாக வந்தால் ஐந்தும் ஆறும் கரகர. ஐந்து, ஆறைச் சரிசெய்தால் ஒன்றும் இரண்டும் கரகர. சனிக்கிழமை ராத்திரி தோல்வியை ஒப்புக்கொள்ளும் நிலை. கடைசியாகச் சைக்கிளின் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். டெரெய்லரில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சின்னச் சக்கரம் இருக்குமே, அவை பல் சக்கரத்துக்கு நேர்கீழே செங்குத்தாக இருக்க வேண்டும். என்னுடையதில் கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தது. டெரெய்லரைத் தாங்குகிற இரும்புக் காது வளைந்திருக்கிறது! அண்ணனுக்கு போன் போட்டேன். "ஆமா, ஒரு தடவை வலப்பக்கமா விழுந்தேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகல" என்றான். மூன்று நாள் என் விரலைத் தேய்த்த விஷயம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு காலை மறுபடி அதே கடை. அண்ணனிடம் காதைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அட, இதுவா" என்றார். டெரெய்லரைக் கழற்றினார். மூலையில் கிடந்த ஒரு பழைய பின்சக்கரத்தை எடுத்தார், அதன் அச்சின் முனையை அந்தக் காதின் ஓட்டையில் திருகினார். சரியாகப் பொருந்தியது. இப்போது என் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சக்கரம் கோணலாகத் தொங்கியது. இரண்டு கையாலும் அந்தச் சக்கரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார், நிறுத்தினார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி இழுத்தார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலும் கீழும் முன்னும் பின்னும் ஒன்றாகிற வரைக்கும். வளைந்த காதை நிமிர்த்தியது அந்தச் சக்கரம், நிமிர்ந்ததா என்று அளந்ததும் அந்தச் சக்கரம். நான் ஒரு வாரம் படித்த எதிலும் இது இல்லை.

"அண்ணே, இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் கழட்டச் சொன்னீங்க?"

"இதுக்கு அரை மணி நேரம் ஆகுதும்மா. அம்பது ரூபாதான் கேக்க முடியும். சிங்கிள் ஆக்கினா அறுநூறு."

பதில் சொல்லத் தெரியவில்லை. 50 ரூபாய் கொடுத்தேன். மொத்தம் 750. அப்பாவிடம் 700 என்றே சொல்லியிருக்கிறேன், அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்.

திங்கட்கிழமை மேம்பாலத்தில் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. சத்தமில்லாமல் இறங்கியது. முன்பக்கம் மட்டும் சின்னப் பல்லிலிருந்து நடுப் பல்லுக்கு ஏற இன்னும் அடம்பிடிக்கிறது. அது முன் டெரெய்லர், அதற்குத் தனிக் கதை இருக்கிறதாம். செமஸ்டர் முடியட்டும்.